நல்லூர் தகரக் கப்பல் ஆரிட்டயாவது இருக்கோ?

வணக்கம் உறவுகளே. நல்லூர்த் திருவிழாக் கடையளில விக்கிற, தண்ணியில டக் டக் டக் எண்டு ஓடுற தகரக் கப்பல் இப்ப ஆரிட்ட வாங்கலாம்?

போன திருவிழா 25 நாளில ஒம்பது நாள் போய்த் தேடினன். ஒரேயொரு கடையில மூண்டு இருந்தது. "இனி வராது தம்பி, பிள்ளையள் பற்றறிக் கார்தான் கேக்கினம்" எண்டார் கடைக்கார ஐயா. அண்டைக்கு நெஞ்சு சரியா அடிச்சுப்போட்டுது.

எனக்கு அதை முதல் ஓட்டிக் காட்டினது அப்பப்பா, கிணத்தடித் தொட்டியில. பின்னால இருக்கிற ரெண்டு குழாயிலயும் தண்ணி நிரப்பி, விரலால பொத்திப் பிடிச்சு மெல்ல இறக்குவார். தேங்காயெண்ணெய்த் திரியைக் கொளுத்தி உள்ள வைச்சா, கொஞ்சத்தில ஆவி தண்ணியை வெளிய தள்ளும், பிறகு குழாய் திரும்ப உறிஞ்சும். மேல இருக்கிற மெல்லிய தகடு அதோட சேந்து துடிக்கும். அந்தச் சத்தம்தான்! ஆவியும் குழாயுமா ஓடுற இந்த வேலைப்பாட்டுக்கு 1891இல தோமஸ் பியோ எண்ட பிரெஞ்சுக்காரர் பிரித்தானியாவில காப்புரிமை கேட்டவர்.

என்ர கப்பலின்ர குழாய் ஒட்டு விட்டிட்டுது, தண்ணி ஒழுகுது. திருநெல்வேலி, சுன்னாகம் பக்கம் மெல்லிய தகரத்துக்கு ஈயம் வைக்கத் தெரிஞ்சவை இருந்தாச் சொல்லுங்கோ. கூடின சூடு பட்டா மேல்தகடு பழுதாப் போயிடும், அதுதான் பயம். பழைய கப்பல் பரணில கிடந்தாலும் படம் போடுங்கோ, ஓடாட்டிலும் பரவாயில்லை. மகளுக்கு வாற மாசம் ஆறு வயசு.