'லை', 'லே', 'லெயிட்': எது கிடத்தல், எது கிடத்துதல்?

கேள்வி (கிளிநொச்சி, ஒரு தாய்)

வணக்கம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள், தவணைப் பரீட்சையில் 'நாய் மரத்தின் கீழே படுத்தது' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது வினையை 'லெயிட்' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வெட்டி 'லே' என்று திருத்தியிருக்கிறார். 'லே' நிகழ்காலம், 'லெயிட்' இறந்தகாலம் என்றே நான் மனனம் செய்திருந்தபடியால், திருத்தம்தான் பிழையோ என்று ஐயப்பட்டு அகராதியைப் புரட்டினேன். அங்கே இரண்டு 'லை'களும் ஒரு 'லே'யும் இருக்கக் கண்டு குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. பிள்ளைக்கு விளங்கும்படி யாராவது சொல்வீர்களா?

மறுமொழி 1 (மாங்குளம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்)

அம்மா, திருத்தம் சரியானதே. நீங்கள் மனனம் செய்ததும் பிழையன்று. நீங்கள் படித்தது வேறொரு வினையின் வாய்பாடு, அவ்வளவுதான்.

'லை' என்பது தானே படுத்தல் அல்லது கிடத்தல். அதன் வடிவங்கள் லை, லே, லெயின். 'லே' என்பது ஒன்றைக் கிடத்துதல், இடுதல், வைத்தல். அதன் வடிவங்கள் லே, லெயிட், லெயிட். முதல் வினையின் இறந்தகாலமும் இரண்டாவதன் நிகழ்காலமும் ஒரே சொல்லாக அமைந்ததுதான் வில்லங்கம் முழுவதற்கும் காரணம். அகராதியில் கண்ட மற்றைய 'லை' பொய் சொல்லுதல். அதன் இறந்தகாலம் 'லைட்' என்று ஒழுங்காகவே வரும்.

ஆங்கிலப் பிள்ளைகளே இதில் தடுமாறுவார்கள். ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு இது இலகுவாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஏனெனில் தன்வினையும் பிறவினையும் நாம் நாள்தோறும் புழங்குபவை: படு, படுத்து, கிட, கிடத்து, இரு, இருத்து, எழு, எழுப்பு. பண்டைய ஜெர்மானிய மொழியிலும் தன்வினையிலிருந்து இப்படிப் பிறவினை ஆக்கும் முறை இருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் அதன் எச்சங்களாகச் சில சோடிகளே மிஞ்சியுள்ளன. 'லை–லே' அவற்றில் ஒன்று, இருத்தலும் இருத்துதலுமான 'சிற்–செற்' இன்னொன்று.

இன்னும் பொருத்தமான ஒரு சோடி நம் காட்டிலேயே கிடைக்கும். பாலை மரம் காற்றில் விழுந்தால் அந்த இறந்தகால வினை 'ஃபெல்'. அதே மரத்தை இன்று ஒருவர் கோடரியால் வீழ்த்துகிறார் என்றால் அந்த நிகழ்கால வினையின் அடியும் 'ஃபெல்' தான். 'லே' செய்யும் அதே குழப்படியை இதுவும் செய்கிறது.

ஆகவே மகள் எழுதுமுன் 'எதை?' என்று கேட்டுப் பார்க்கட்டும். நாய் எதைப் படுத்தது என்ற கேள்விக்கு இடமில்லை. ஆகையால் லை, அதன் இறந்தகாலம் லே. தொழிலாளர்கள் எதை இட்டார்கள் என்றால் தண்டவாளத்தை என்ற விடை உண்டு. ஆகவே 2013இல் புகையிரதம் கிளிநொச்சிக்கு மீண்டும் வருமுன் தண்டவாளங்கள் 'லெயிட்' செய்யப்பட்டன. ஊர் அமைந்திருப்பதையும் 'லை' என்பார்கள்: மாங்குளம் ஏ9 வீதியில் 'லைஸ்'.

மறுமொழி 2 (ஒட்டுசுட்டான், கோழி வளர்ப்பவர்)

ஐயாவின் விளக்கம் எனக்கும் உதவியது. அப்படியானால் முட்டையிடும் கோழிக்கு 'லே', அடை கிடக்கும் கோழிக்கு 'லை' என்று பிரித்துக்கொள்ளலாம் அல்லவா? 'எதை?' என்று கேட்டால், இடுகிற கோழிக்கு மட்டுமே முட்டை என்று விடை வருகிறது.

மறுமொழி 3 (மாங்குளம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்)

முதற்பாதி சரி, தம்பி. முட்டை என்ற சொல்லைச் சொல்லாமலே 'கோழி லே பண்ணுகிறது' என்றும் அவர்கள் சொல்வதுண்டு. அங்கே செயப்படுபொருள் உள்ளடங்கி நிற்கிறது. இரண்டாம் பாதிதான் வழுக்குகிறது. நமக்குக் கிடக்கும் கோழி, ஆங்கிலத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வினை 'சிற்'. கோழியை அடை வைப்பதற்கு அதன் பிறவினையான 'செற்' வரும். நீங்கள் கேட்டிராவிட்டால் இந்தச் சோடிக்கு இவ்வளவு நல்ல உதாரணம் எனக்குத் தோன்றியிராது.

மறுமொழி 4 (வவுனியா, மொழிபெயர்ப்பாளர்)

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நம் பேச்சில் 'காசு கிடக்கோ', 'வீட்டிலே அரிசி கிடக்கு' என்று சொல்லும்போது 'கிட' என்பது உண்டு என்ற பொருளையே தருகிறது. அந்த இடங்களில் பிள்ளை 'லை' போட்டால், அரிசி தரையில் கொட்டிக் கிடப்பதாகத்தான் வாசிப்பவர் நினைப்பார்.

மறுமொழி 5 (கிளிநொச்சி, ஒரு தாய்)

எல்லோருக்கும் நன்றி. மகள் 'எதை?' என்று கேட்டுக் கேட்டுப் பத்து வாக்கியங்கள் எழுதிவிட்டாள். பொய் சொல்வதற்கும் படுத்திருப்பதற்கும் 'லையிங்' என்ற ஒரே வடிவமா என்பதுதான் அவளுடைய மிச்சக் கேள்வி.

மறுமொழி 6 (மாங்குளம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்)

ஆம், எழுத்தும் ஒலியும் ஒன்றே. 'அவன் கட்டிலில்' என்று தொடர்ந்தால் படுத்திருக்கிறான், 'என்னிடம்' என்று தொடர்ந்தால் பொய் சொல்கிறான்.