தெளிவாழம், தெளிதளம், கலங்கல்: என் முன்மொழிவும் வந்த மறுப்புகளுக்குப் பதிலும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஒரு படத்தில் முன்னும் பின்னுமாக எவ்வளவு தூரம் தெளிவாக விழுகிறது என்ற அளவை ஆங்கிலத்தில் 'டெப்த் ஆஃப் ஃபீல்ட்' என்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் தொடங்கிய இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். தனித்தனியாகப் பதில் போடுவதைவிட ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் எனக்கு எங்கிருந்து தேவைப்பட்டது என்பதை முதல் மடலில் சொல்லாமல் விட்டுவிட்டேன். தை மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் காலை ஆறேகாலுக்கு நானும் ஏழாவது படிக்கும் என் அக்கா மகளும் கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். தூரமாக எங்கும் போவதில்லை. பாளையங்கால்வாய்க் கரையில் ஒரு எருக்கம்புதர், அப்புறம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை, இரண்டே இடம்தான். வாரத்துக்கு ஓர் உயிர், ஒரு படம், நோட்டில் ஒரு பக்கம். எத்தனை எடுத்தாலும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவை ஏன் சரியில்லை என்று அன்றைக்கே எழுதிவிட வேண்டும். இது 31ஆவது வாரம். ஒரு ஞாயிறுகூட விடவில்லை.

அந்த நோட்டில் எழுதும்போதுதான் சொல் முட்டியது. "ஃபோக்கஸ் சரியில்லை" என்று நான்கு வாரம் தொடர்ந்து எழுதியிருக்கிறோம். நான்கு வாரமும் நடந்தது வேறு வேறு தவறு. ஒரு வாரம் கை ஆடியது. ஒரு வாரம் கண்ணுக்குப் பதில் முதுகு தெளிவாக விழுந்தது. இன்னொரு வாரம் கண் சரியாக விழுந்தும் உடம்பு முழுக்கக் கரைந்து போயிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை எழுதினால், அடுத்த வாரம் எதைத் திருத்துவது?

ஐந்தாவது வாரம் ஈப்புலி. சுவரிலும் இலையிலும் தாவித் தாவி ஈ பிடிக்குமே, அந்தச் சிலந்திதான். கறிவேப்பிலையின் இலையடியில் உட்கார்ந்திருந்தது. உடம்பு 6 மி.மீ. இருந்தால் அதிகம். எட்டுக் கண்ணில் நான்கு முன்னால் பார்க்கும், அதில் நடு இரண்டும் கார் விளக்குப்போலப் பெரியவை. மிக நெருங்கி எடுப்பதற்கான 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், லென்ஸின் துளை அளவு எஃப் 8 (எண் கூடினால் துளை சுருங்கும்), உயிரின் அளவு எதுவோ அதே அளவில் சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் சில்லில், விழும்படி நெருங்கி எடுத்தோம். திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "மாமா, கண்ணு தெளிஞ்சிருக்கு. காலு இன்னும் கலங்கலாத்தான் இருக்கு."

அவள் கலைச்சொல் எதையும் தேடவில்லை. பாளையங்கால்வாயில் புதுத் தண்ணீர் வந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது அதுதான். வரும்போது கலங்கலாக வரும், இரண்டு நாளில் தெளியும். பிள்ளை அந்தப் பேச்சை அப்படியே படத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அன்றைக்கு நோட்டில் "ஃபோக்கஸ்" என்று எழுதவில்லை.

அதிலிருந்து வந்த சொற்கள்தான் நான் முன்வைப்பவை. லென்ஸுக்கு முன்னால் எந்தத் தூரத்தில் இருக்கும் பொருள் மிகத் தெளிவாக விழுகிறதோ, அந்தத் தளம் தெளிதளம். அதற்கு முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெளிவாகவே படும் அளவு தெளிவாழம். அதைத் தாண்டியது கலங்கல். கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிந்த பகுதிகளை மட்டும் சேர்த்து ஒரே படமாக்குவது தெளிவடுக்கு. நான்குக்கும் இடையே உள்ள உறவு சொல்லைக் கேட்டாலே பிடிபட வேண்டும் என்பது என் ஆசை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

> 'புல ஆழம்' ஏற்கெனவே இருக்கிறதே. இருப்பதை விட்டுவிட்டு எதற்குப் புதிது?

நியாயமான கேள்வி. நானும் முதல் இரண்டு மாதம் புல ஆழம் என்றுதான் எழுதினேன். ஆனால் புலம் என்றதும் பள்ளிப் பிள்ளைக்கு மின்புலமும் காந்தப்புலமும்தான் நினைவுக்கு வருகின்றன. அகராதியைத் திறந்தால் வயல், இடம், திசை, அறிவு என்று நீள்கிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லுக்குக் காட்சிப் பரப்பு என்ற பொருள் பின்னால் இருக்கிறது. நாம் அதை மொழிபெயர்க்கும்போது சொல் மட்டும் வந்தது, பொருள் வரவில்லை. புல ஆழம் குறைவு என்றால் எது குறைவு என்று தனியாக விளக்க வேண்டியிருக்கிறது. தெளிவாழம் குறைவு என்றால் விளக்கம் அதிலேயே இருக்கிறது.

> பாடநூலில் 'குவியம்' உள்ளது. 'குவிய ஆழம்', 'குவிய அடுக்கல்' என்று போனால் ஒரே வேர் வருமே.

இந்த மடல்தான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. ஐயா எழுதியதில் ஒழுங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்புக் கதிர்ப்படத்தை எடுத்துப் பாருங்கள். குவியம் என்பது இணைக்கதிர்கள் வந்து சேரும் புள்ளி. மிகத் தொலைவில் உள்ள பொருளின் பிம்பம்தான் அங்கே விழும். பொருளும் பிம்பமும் சம அளவில் இருக்க வேண்டுமானால் பொருளை 2 எஃப் தூரத்தில், அதாவது குவியத் தொலைவைப்போல இரண்டு மடங்கில் (இந்த எஃப் துளை எண் அல்ல), வைக்க வேண்டும், பிம்பமும் மறுபக்கம் 2 எஃப் தூரத்தில் விழும். நாங்கள் ஈப்புலியை எடுத்தது அந்தச் சம அளவில்தான். எளிய குவிலென்ஸை வைத்துச் சொன்னால், அந்த நேரத்தில் சிலந்தியும் குவியத்தில் இல்லை, சென்சாரும் குவியத்தில் இல்லை. "சிலந்தியின் கண்ணைக் குவியத்தில் வை" என்று தமிழில் சொன்னால் இயற்பியல்படி அது பிழையான வாக்கியம். மேக்ரோ எடுப்பவரை அந்தச் சொல் நேராகத் தவறான படத்துக்கு இட்டுச்செல்லும். குவியத் தொலைவு என்பது லென்ஸின் இயல்பு, அதற்குக் குவியம் அப்படியே இருக்கட்டும். படத்தில் எது தெளிந்தது என்ற பேச்சுக்குத் தெளிவு என்ற வேர் வரட்டும். இரண்டும் வேறு வேறு செய்திகள் என்பதால் இரண்டு வேர் இருப்பது நல்லதுதான்.

> 'மங்கல்' என்ற நல்ல சொல் இருக்கும்போது கலங்கல் எதற்கு?

மங்கல் ஒளி குறைவதைச் சொல்வது. மங்கிய விளக்கு, மங்கிய நிறம் என்கிறோம். தெளிவாழத்துக்கு வெளியே இருக்கும் பூ நல்ல வெளிச்சத்தில் பளிச்சென்று மஞ்சளாக இருக்கலாம், ஓரங்கள் மட்டும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். அது மங்கல் அல்ல, கலங்கல். கை ஆடுவதால் வருவதற்கு அசைவு என்றே நோட்டில் எழுதுகிறோம். மூன்றையும் பிரித்து எழுதத் தொடங்கிய பிறகுதான் எந்த வாரம் எதைத் திருத்த வேண்டும் என்று எங்களுக்கே தெரிந்தது.

> 'தெளிவாழம்' என்றால் காதில் 'வாழம்' என்று விழுகிறது.

கதவு + அழகு கதவழகு ஆவதுபோலத்தான் இதுவும், புணர்ச்சியில் குறை இல்லை. முதல் முறை கேட்கும்போது தடுமாற்றம் இருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிரித்துத் தெளிவு ஆழம் என்று எழுதுபவர் எழுதட்டும். நான்கைந்து முறை சொன்னால் பழகிவிடும் என்பது என் வீட்டு அனுபவம்.

சரி, சொல் எல்லா இடத்திலும் தாங்குமா என்று பார்க்க நான் போட்ட கணக்கையும் தருகிறேன். மூன்றும் 36 × 24 மி.மீ. சென்சாருக்கு. 24 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 2.4 மீட்டரில் தெளிதளத்தை நிறுத்தினால், தெளிவாழம் ஏறக்குறைய 1.2 மீட்டரில் தொடங்கி அடிவானம் வரை போகிறது. கூந்தன்குளத்தில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் நாரையை 400 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6 வைத்து எடுத்தால் ஏறக்குறைய 80 செ.மீ. ஈப்புலிக்கு, சம அளவில், எஃப் 8 வைத்தால் 1 மி.மீ. அவ்வளவுதான். துளையைச் சுருக்கி எஃப் 16 வைத்தால் 2 மி.மீ. அளவுக்குக் கூடும். ஆனால் சம அளவில் எஃப் 16 என்பது நடைமுறையில் எஃப் 32 போல வேலை செய்யும். சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு வந்து மொத்தப் படத்தின் கூர்மையையும் தின்றுவிடும். ஆழம் கூடும், தெளிவு குறையும். இந்த வாக்கியத்தைப் புல ஆழத்தை வைத்து இத்தனை சுருக்கமாக என்னால் எழுத முடியவில்லை.

தெளிதளம் என்ற சொல் இன்னொரு வேலையும் செய்தது. 12ஆவது வாரம் எருக்கில் ஒரு வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி. விடிகாலைக் குளிரில் சிறகை மூடி, பனித்துளியோடு அசையாமல் இருந்தது. எப்போதும்போல முகத்துக்கு நேராகப் போனோம், உணர்கொம்பின் நுனி தெளிந்தால் கண் கலங்கியது, கண் தெளிந்தால் சிறகு கலங்கியது. அப்போது அவளிடம் சொன்னேன்: "லென்ஸுக்கு முன்னால ஒரு கண்ணாடித் தகடு நிக்குதுன்னு வச்சுக்கோ. அதுதான் தெளிதளம். அந்தத் தகட்டுல பூச்சியை ஒட்டவைக்கணும்னா நீ எங்க நிக்கணும்?" கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புதரைச் சுற்றிப் பக்கவாட்டில் போய்க் குந்தினாள். மூடிய சிறகு முழுதும் தகட்டுக்கு இணையாக வந்தது. எஃப் 8 மாறவில்லை. கண், உடம்பு, சிறகின் வெள்ளைப் புள்ளி வரை தெளிந்தது. அதற்குப் பிறகு எடுத்த படங்களை முன்னால் எடுத்தவற்றோடு வைத்துப் பார்த்தால், எங்கே ஏறினோம் என்று அந்த வாரத்தில் கோடு போட்டுக் காட்டலாம்.

தெளிவடுக்கு இன்னும் எங்கள் கைக்கு முழுதாக வரவில்லை. ஊசித்தட்டான் ஒன்றை 0.6 மி.மீ. இடைவெளியில் 20 படமாக எடுத்தோம், அடுக்கும்போது அது உட்கார்ந்திருந்த குச்சி காற்றில் அசைந்தது தெரிந்தது. காற்று இல்லாத நாளில் மறுபடி பார்க்க வேண்டும்.

இலங்கை நண்பர் லென்ஸை வில்லை என்றே எழுதலாமே என்று கேட்டிருந்தார். எனக்குப் பிடித்த சொல். ஆனால் இந்த இழையில் அதையும் இழுத்தால் இரண்டும் முடியாது. மேக்ரோவுக்கான சொல்லுக்கும் இதே பதில்தான். நுண்படம் என்றால் நுண்ணோக்கியில் எடுப்பதோடு குழம்பும் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

பொதுமக்கள் ஏற்பார்களா என்று ஒருவர் ஐயப்பட்டிருந்தார். வெந்தய வரியன் என்ற பெயரையே பாருங்கள். வெந்தய நிறம் பெயரிலேயே இருக்கிறது. பூச்சியைப் பார்த்தவர் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. 2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தபோது அந்தப் பெயர் செய்தித்தாள்வரை போய்ச் சேர்ந்தது. பார்த்ததிலிருந்து பிறந்த பெயரைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. சென்சாரின் பக்கமும் ஓர் ஆழம் உண்டு. சென்சார் எவ்வளவு முன்பின் நகர்ந்தால் படம் தெளிவாகவே இருக்கும் என்ற அளவு அது. தெளிவாழம் பொருளின் பக்கத்தைச் சொல்கிறது என்றால் இதற்கு வேறு சொல் வேண்டும். படத்தள ஆழம் என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே நிறைவில்லை. வேர் மாறாமல் ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

கறிவேப்பிலையில் இப்போது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு ஒன்று பறவை எச்சம் மாதிரியே வேடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பச்சையாக மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தை எழுதும்போது, உங்களிடமிருந்து சொல் வந்திருந்தால் அதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து