அம்மாவின் 9 எல்லாம் 4 போல் இருக்கிறது. 52 வயதில் கையெழுத்தைத் திருத்த முடியுமா?

கேள்வி: மகள், கொட்டாஞ்சேனை

அம்மாவுக்கு 52 வயது. மலையகத்தில் தோட்டப் பாடசாலையில் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். கலியாணத்துக்குப் பிறகு கொழும்புக்கு வந்து, இருபது வருடத்துக்கு மேல் தையல் வேலை. முன்பெல்லாம் மெஷினில்தான் இருந்தார். இந்தத் தைப்பொங்கலுக்குப் பிறகு கடையில் அவரை முன்னுக்கு, ஓடர் எடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அளவு எடுப்பதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. எழுதுவதில்தான் பிரச்சினை.

போன மாதம் ஒரு கலியாணச் சேலைக்குப் பிளவுஸ். கைநீளம் 9½ என்று அம்மா எழுதியதை வெட்டுகிறவர் 4½ என்று வாசித்து வெட்டிவிட்டார். சேலையோடு வந்த துண்டு, வேறு வாங்கவும் வழியில்லை. முதலாளி ஏசவில்லை. ‘இனி நீங்க அளவைச் சொல்லுங்க, வேற யாராவது எழுதட்டும்’ என்றார். ஏசியிருந்தால்கூட அம்மா தாங்கியிருப்பார். அன்று இரவு சாப்பிடவில்லை.

நான் சின்னப் பிள்ளைகளுக்கான அ, ஆ புள்ளிக்கோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் எழுதினார். அதில் எழுத்து அழகாகத்தான் வந்தது. கடைக்குப் போனால் பழைய கிறுக்கல்தான். இப்போது அந்தப் புத்தகம் தையல் மெஷினுக்குக் கீழே கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று, ‘லை’யை அம்மா யானைத் தும்பிக்கை போல் பழைய மாதிரி எழுதுகிறார், அவருடைய அப்பா பழக்கியது. அதையும் மாற்ற வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பிள்ளை, அந்தப் புத்தகம் அங்கேயே கிடக்கட்டும். அம்மாவுக்கு எழுத்து தெரியும். ஆறுதலாக எழுதினால் நன்றாக வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அவசரத்தில் எது குலைகிறது என்றுதான் பார்க்க வேண்டும். 247 எழுத்தையும் திரும்ப எழுத வைத்தால் பெரியவர்களுக்கு அலுப்பும் வெட்கமும்தான் மிஞ்சும்.

ஓடர் புத்தகத்தில் ஒரு தாளைப் புரட்டிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டுப்படுகிறதா? அப்புறம், அம்மா எழுதும்போது புத்தகம் எங்கே இருக்கிறது, அவர் நிற்கிறாரா இருக்கிறாரா என்று பாருங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், வெட்டுகிறவரிடம் புத்தகத்தைக் கொடுத்து, தடுமாறும் இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். வாசிக்கிறவருக்குத்தான் தெரியும் எது விளங்கவில்லை என்று.

‘லை’யைத் தொட வேண்டாம். தமிழ்நாட்டில் 1978இல் அரசு ஆணை போட்டு மாற்றிய எழுத்துகளில் அதுவும் ஒன்று. பெரியவர்கள் பலர் இன்னும் பழைய மாதிரிதான் எழுதுகிறார்கள். அது பிழையல்ல.

மகள்:

டீச்சர், வெட்டுகிறவர் சிங்களவர். தமிழ் வாசிக்கத் தெரியாது. இத்தனை நாள் இது என் மண்டையில் ஏறவேயில்லை. அவர் இருபது பக்கத்தில் வட்டம் போட்டுத் தந்தார், எல்லாம் இலக்கங்கள். 4உம் 9உம், 1உம் 7உம். அதைவிட மோசம் அரை. 12½ என்பதில் அரையையும் மற்ற இலக்கங்களின் அளவுக்கே பெரிதாக எழுதுவதால் 121 போல் தெரிகிறது.

எழுத்துகளில் தடுமாறுவது காசு மேசையில் இருக்கும் தங்கச்சி. ‘வரவு’ என்று எழுதினால் ‘வாவு’ என்று தெரிகிறதாம். ‘வண்ணம்’ ‘வன்னம்’ ஆகிறதாம்.

தாளின் பின்பக்கம் அரிசி ஒட்டியது போல் மேடு மேடாக இருக்கிறது. கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்கிற புத்தகம். நின்றபடி, புத்தகத்தை இடது கையில் தாங்கிக்கொண்டு எழுதுகிறார். பேனையைப் பிடிக்கிற பிடியில் ஆள்காட்டி விரல் நகம் வெள்ளையாகிவிடுகிறது.

ஆசிரியை:

அப்படியானால் பாதி வேலை முடிந்தது. முதலில் இலக்கம், எழுத்து பிறகு.

4ஐ மேலே மூடி எழுதுவதால்தான் 9உடன் குழம்புகிறது. அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: முதலில் ஒரு ‘ட’ போடுங்கள், பிறகு அதன் அடிக்கோட்டை வெட்டிக்கொண்டு ஒரு கோடு நேரே கீழே இறங்கட்டும். மேலே வாய் திறந்தே இருக்கும், எவ்வளவு அவசரத்திலும் 9 ஆகாது. 9க்கு முதலில் முழு வட்டம், மூடிய பிறகுதான் வால். 7க்கு இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு. 1க்குக் கொக்கி வேண்டாம், ஒரே கோடு. அரையை 1க்குக் கீழே ஒரு படுத்த கோடு, அதற்குக் கீழே 2 என்று, மற்ற இலக்கத்தின் பாதி அளவில் எழுதட்டும்.

ஒரு சதுர றூள் கொப்பி வாங்குங்கள். கட்டத்துக்கு ஓர் இலக்கம், அரைக்குத் தனிக் கட்டம். 1, 2, 3 என்று வரிசையாக எழுத வேண்டாம். போன வாரத்து ஓடர்களைப் பார்த்து எழுதட்டும், அதுதான் அவருடைய வேலை. பத்து நிமிடம் போதும். எழுதியதை அடுத்த நாள் நீங்கள் உரக்க வாசியுங்கள். நீங்கள் தடுமாறினால் அந்த இலக்கத்தை மட்டும் திரும்ப எழுதட்டும்.

இனி அந்த அழுத்தம். கார்பன் தேய்ந்தால் கை தானாக அழுத்தும், பிறகு அதுவே பழக்கமாகிவிடும். கார்பன் தாளை அடிக்கடி மாற்றச் சொல்லுங்கள். கடைசிப் பிரதி வாசிக்கும்படி இருந்தால் போதும், அதற்கு மேல் அழுத்துவது வீண். பேனையை முனையிலிருந்து இரண்டு விரல் அளவு தள்ளிப் பிடிக்கட்டும். புத்தகம் மேசையில் இருக்க வேண்டும். வலக்கைக்காரர் என்றால் அதன் மேல்பக்கத்தை இடப்பக்கமாகக் கொஞ்சம் சரித்து வைத்தால் மணிக்கட்டு மடங்காது.

எழுத்தில் இரண்டே இரண்டு போதும். ‘ர’வின் காலடியில் சரிவாக ஒரு சின்ன இழுப்பு உண்டு. அவசரத்தில் அது போனால் வெறும் கால்தான் மிஞ்சும். ‘ண’வுக்கு மூன்று சுழி, ஒவ்வொன்றும் கண் திறந்து இருக்க வேண்டும்.

பதில்: மருதானையில் இருந்து ஒருவர்

மை ஊற்றும் பேனை வாங்கிக் கொடுங்கள். அதை அழுத்தவே தேவையில்லை, எனக்கு அதில்தான் கை திருந்தியது.

ஆசிரியை:

வீட்டில் சதுரக் கொப்பிக்கு நல்ல யோசனை, கை லேசாகும். கடையில் கார்பனுக்குச் சரிவராது தம்பி, அங்கே குமிழ்முனைப் பேனைதான்.

பதில்: கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர், பம்பலப்பிட்டி

இவ்வளவும் வாசித்தேன், ஒரு விஷயம் யாரும் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோர்க்கும்போது அம்மா கையை நீட்டித் தூரத்தில் பிடிக்கிறாரா?

நாற்பது தாண்டினால் கண்ணின் வில்லை மெல்ல இறுகத் தொடங்கும், கிட்டப் பார்வை மங்கும். நம் ஆட்கள் வெள்ளெழுத்து என்று சொல்வது இதைத்தான். தான் எழுதும் 9இன் வட்டம் மூடியதா இல்லையா என்று அவருக்கே தெரியாவிட்டால் எந்தக் கொப்பியும் உதவாது. நடைபாதையில் விற்கும் கண்ணாடி வேண்டாம். அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், ஆளுக்கு அளந்ததல்ல. லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. ஒருநாள் லீவு போட்டுக் காட்டிவிடுங்கள். கை மரத்துப்போவது, நடுங்குவது இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மகள்:

அண்ணா, ஒரு வருடமாக அம்மாவுக்கு நூல் கோர்த்துக் கொடுப்பதே நான்தான். தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு ஊசி கோர்த்துக் குத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். அது ஏன் என்று ஒருநாளாவது யோசிக்கவில்லை. கை நடுக்கம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை கூட்டிப் போகிறேன்.

மகள், ஐந்து வாரத்துக்குப் பிறகு:

கண்ணாடி போட்டாயிற்று. வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் வேலை பழைய ஓடர் புத்தகத்தைப் புரட்டியது. ‘இப்படியா எழுதியிருக்கிறேன்?’ என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் வாரம் சிரமம்தான். ‘ட’ போட்டு 4 எழுதுவதற்குள் வரிசை நீண்டு, ஆட்கள் முணுமுணுத்தார்கள். மூன்றாவது வாரம் கை பழகிவிட்டது. முதலாளி புதுக் கார்பன் வாங்கிக் கொடுத்தார். நேற்று வெட்டுகிறவர் பத்துப் பக்கம் வாசித்து, ஒரே ஒரு வட்டம் போட்டார், அதுவும் ஒரு 7. ‘ண’ இன்னும் சரியில்லை. ‘லை’ பழைய மாதிரியேதான்.

ஓடர் புத்தகம் மறுபடி அம்மாவிடமே இருக்கிறது. டீச்சர், இப்போது அவர் கேட்பது வேறு. ‘கை’, ‘கழுத்து’ இரண்டையும் சிங்களத்தில் எழுதப் பழக வேண்டுமாம், வெட்டுகிறவர் ஒவ்வொரு தடவையும் எழும்பி வந்து கேட்காமல் இருக்க. அதற்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

ஆசிரியை:

புத்தகம் வேண்டாம் பிள்ளை. வெட்டுகிறவரிடமே ‘அத’, ‘பெல்ல’ இரண்டையும் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தக் கோடு முதலில், எந்தப் பக்கம் சுழிக்கிறது என்று அவர் எழுதும்போதே அம்மா பக்கத்தில் நின்று பார்க்கட்டும். சதுரக் கொப்பியில் இன்னும் பக்கம் மிச்சம் இருக்கும்தானே.