டிகிரியோடு ஆக்சுவரியல் கிளப்: வாராந்திரக் கூட்டத்தில் என்ன செய்யலாம்?

கேள்வி: பி.எஸ்சி. புள்ளியியல் 2-ம் ஆண்டு மாணவர்கள் ஆக்சுவரியல் (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் இடர்களைக் கணக்கிடும் துறை) கிளப் தொடங்குகிறோம். எல்லோருக்கும் முதல் இலக்கு, இந்தத் துறைத் தேர்வுகளுக்குள் நுழைவதற்கான ஏசெட் (ACET) நுழைவுத் தேர்வு. வாரம் ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது?

பதில் 1: விருந்தினர் உரைகளை மாதம் ஒன்றோடு நிறுத்துங்கள். மற்ற வாரங்களில் கடிகாரம் வைத்துக் கணக்குப் போடுங்கள். நிகழ்தகவிலும் வட்டியிலும்தான் அடித்தளம் ஆட்டம் காணும். ஆண்டுக்கு 12%, மாதந்தோறும் கூட்டு என்றால் மாத வட்டி 1%, ஆண்டின் விளைவு வட்டி (வட்டிக்கு வட்டியும் சேர்ந்து ஆண்டு முடிவில் உண்மையில் கிடைப்பது) 12.68%. 12%-ஐ அப்படியே விளைவு வட்டியாக எடுப்பவர்கள் ஏராளம்.

பதில் 2: ஏசெட் தாண்டியவர்களைத் தனிக் குழுவாக்குங்கள். அடுத்து வரும் ஆக்சுவரியல் தேர்வுகளில் சிஎஸ்1 (புள்ளியியல்), சிஎம்1 (கணிதம்) இரண்டுக்கும் ஏ தாள் எழுத்துத் தேர்வு, பி தாள் கணினித் தேர்வு. சிஎஸ்1 பி தாளுக்கு ஆர் (R) என்னும் புள்ளியியல் நிரல்மொழி, சிஎம்1 பி தாளுக்கு எக்செல். ஏ தாளை மட்டும் படித்துவிட்டு, கடைசி வாரம் மடிக்கணினியைத் திறந்தால் கரை சேர முடியாது. எக்செலில் வட்டி விகிதத்தை ஒரே கட்டத்தில் வைத்து, சூத்திரங்கள் அதைச் சுட்டட்டும். எண்ணையே சூத்திரத்துக்குள் அடித்தால், கேள்வியின் அடுத்த உட்பிரிவில் விகிதம் மாறும்போது எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும்.

பதில் 3: மேலே சொன்னதோடு ஒன்று. பாய்சான் பரவலில் (ஒரு நிகழ்வு எத்தனை முறை நடக்கும் என்பதற்கான நிகழ்தகவு மாதிரி) சராசரி 2 என்று வையுங்கள். ‘3 அல்லது அதற்கு மேல்’ கேட்டால் 2 வரையிலான (0, 1, 2) கூட்டு நிகழ்தகவை 1-லிருந்து கழியுங்கள்: 0.3233. ஆர் மொழியில் பழக்கதோஷத்தில் 2-க்குப் பதில் 3 என்று கொடுத்தால் 0.1429 வரும்; அது ‘3-க்கு மேல்’ என்பதன் விடை. இப்படிப்பட்ட தவறுகளைக் கரும்பலகையில் எல்லோரும் பார்க்கப் பிரித்துக் காட்டுவதே கிளப்பின் பெரிய பயன். ஒருவர் தீர்க்க, இன்னொருவர் திருத்தட்டும். மதிப்பெண் வரிக்கு வரி போடுங்கள்.