மருந்துக்கடையில் இன்சுலினும் வெட்டிய அட்டையும்: எதைப் பார்த்து வாங்குவது?

காவிரிக்கரை:
வணக்கம். எழுபது வயதைக் கடந்த என் தந்தைக்கு மாதந்தோறும் இன்சுலின் குப்பிகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் தெருமுனையில் உள்ள மருந்துக்கடையில்தான் வாங்கி வருகிறோம். இரவில் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுச் செல்வதை அண்மையில் கவனித்தேன். அப்படியென்றால் விடியும்வரை ஃப்ரிட்ஜும் அணைந்துதானே கிடக்கும்? மேலும், பத்து மாத்திரை கொண்ட அட்டையில் ஆறு மட்டும் கேட்டால், காலாவதித் தேதி உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. இவற்றுக்கு விதிமுறை உண்டா என்பதையும், வாங்குபவர் எதைக் கேட்டுப் பெறலாம் என்பதையும் விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மருந்தாளுநர்_திருச்சி:
வணக்கம் ஐயா. திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டுள்ள காலாவதித் தேதி அந்த வெப்பநிலையில் வைத்திருந்தால் மட்டுமே பொருந்தும். ஒரே ஓர் இரவு ஃப்ரிட்ஜ் நின்றதால் குப்பி வீணாகிவிடாது. ஆனால் மாதக்கணக்கில் ஒவ்வோர் இரவும் சூடேறி, காலையில் மீண்டும் குளிரும் குப்பிக்கு, அச்சிட்ட தேதிவரை வீரியம் குறையாமல் இருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. அதே ஃப்ரிட்ஜில் தடுப்பூசிகளும் இருந்தால் கவலை இன்னும் கூடுதலாகும்.

பலரும் சூட்டைப் பற்றி மட்டுமே அஞ்சுகிறார்கள். உறைந்துபோவது அதனினும் கேடானது. ஃப்ரீசரை ஒட்டி வைக்கப்பட்டு ஒருமுறை உறைந்த இன்சுலின், பின்னர் உருகிப் பழையபடி தோன்றினாலும் பயன்படுத்தத் தக்கதன்று. ஆகவே, ஃப்ரிட்ஜுக்குத் தனி மின் இணைப்பு உள்ளதா, உள்ளே வெப்பமானி இருக்கிறதா, தினமும் அதன் அளவைக் குறித்து வைக்கிறார்களா என்று கடையில் கேளுங்கள். அதே தட்டில் குளிர்பானப் பாட்டில்களும் மதியச் சாப்பாட்டு டப்பாவும் கண்ணில் பட்டால், பதில் சொல்வதற்கு முன்பே உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

விதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-ஐயும் அதன்கீழ் வந்த 1945-ஆம் ஆண்டு விதிகளையும் ஒட்டியே உரிமம் தரப்படுகிறது. அந்த உரிமத்தை வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டுக்குரிய மருந்துகளைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் தரலாம். சான்றிதழ் சுவரில் தொங்க, அதற்குரியவர் கடைப்பக்கமே வராத நிலை பல ஊர்களில் இருப்பதை இத்தொழிலில் உள்ள நான் மறுக்கப் போவதில்லை.

சில்லறை_வணிகர்:
அட்டை வெட்டுவது குறித்து எங்கள் தரப்பையும் சொல்ல வேண்டியுள்ளது. மூன்று நாளுக்கான மருந்தை வாங்கவே காசை எண்ணிப் பார்ப்பவரிடம் முழு அட்டையையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எங்களால் சொல்ல இயலாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு: தேதியும் பேட்ச் எண்ணும் (ஒரே தொகுதியாகத் தயாரான மருந்துகளுக்கு இடும் எண்) பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில்தான் பதிக்கப்பட்டிருக்கும், எதிர்முனையிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தால் கடைசி மாத்திரைவரை அந்த விவரம் கடையில் அழியாமல் இருக்கும். வாங்கியவருக்கு அதே விவரத்தைப் பில்லில் தந்துவிட வேண்டும். கணினியில் போடும் பில்லில் அது வழக்கமாகவே அச்சாகும் என்பதால், "பில் வேண்டாம், தொகையை மட்டும் சொல்லுங்கள்" என்று கூறும் வாடிக்கையாளர் தம் பாதுகாப்பைத் தாமே கைவிடுகிறார் என்பேன்.

ஓய்வுபெற்ற_செவிலியர்:
வணிகர் கூறியதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். "இதுவும் அதே மருந்துதான், கம்பெனிதான் வேறு" என்று கூறி, மருத்துவர் எழுதியதற்கு மாற்றாக வேறொரு தயாரிப்பைக் கடைக்காரர் தாமாகவே தருவதற்கு 1945-ஆம் ஆண்டு விதிகள் இடம் தரவில்லை. அவ்விதிகளில் தனிக் கவனத்துக்குரிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்1-இல் உள்ளவற்றுக்குக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல்: 2014 மார்ச் முதல், எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அதன் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும். காசநோய் மருந்துகளும் வீரியம் மிக்க சில ஆன்டிபயாட்டிக்குகளும் அந்தப் பட்டியலில் உள்ளன.

காவிரிக்கரை:
மூவருக்கும் நன்றி. ஏற்கெனவே வாங்கி வைத்துள்ள குப்பி நல்லதா என்று வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வழியுண்டா?

மருந்தாளுநர்_திருச்சி:
ஓரளவுக்கே முடியும். தெளிவாக இருக்க வேண்டிய வகை கலங்கியிருந்தாலோ, பால்போல் கலங்கலாக இருக்க வேண்டிய வகையில் உருட்டிய பின்னும் கட்டிகளோ சுவரில் ஒட்டிய படிவோ தெரிந்தாலோ அதைப் போட வேண்டாம். ஆனால் தோற்றம் மாறாமலேயே வீரியம் குறைந்திருக்கவும் கூடும். உணவும் மருந்தளவும் மாறாதிருக்க, புதிய குப்பி தொடங்கியதிலிருந்து சர்க்கரை அளவு தொடர்ந்து ஏறினால், மருந்தளவை நீங்களாகக் கூட்டாமல், குப்பியையும் பில்லையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் மீது ஐயம் நீடித்தால், பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். திறந்த குப்பியைப் பெரும்பாலான வகைகளில் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும். நம் ஊர்க் கோடையில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல்மேல் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாமல் மூடி வைப்பது வெறும் அலமாரியில் வைப்பதைவிட மேல்.