சின்ன ஊரில் பி.இ. லைசென்ஸ்: கையெழுத்துக்கு யாரைப் பிடிப்பது?

அமெரிக்காவில் சிவில் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். நான் கேட்பது புரொஃபஷனல் இன்ஜினியர் லைசென்ஸ் பற்றி. (நம்ம ஊர் பட்டத்துக்கும் அதே பி.இ. தான், வீட்டில் விளக்கி மாளவில்லை!)

லைசென்ஸுக்கான முதல் படியான எஃப்.இ. (அடிப்படைப் பொறியியல்) தேர்வின் 110 கேள்விகளையும் ஒருவழியாகத் தாண்டிவிட்டேன். பி.இ. தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். அதுகூடப் பயமில்லை, அனுபவச் சான்றுதான் இடிக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் 4 வருட அனுபவம் வேண்டும், அதுவும் லைசென்ஸ் உள்ளவரின் கீழ். இந்தத் தேர்வுகளை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பு நம் படிப்பு, அனுபவச் சான்றுகளைச் சேர்த்து வைக்கும் ரெக்கார்டுக்கு 5 பரிந்துரையாளர்கள், அதில் 3 பேர் பி.இ.க்களாக இருக்க வேண்டும்.

எங்கள் ஆபீஸில் மொத்தமே நான்கு பேர். பி.இ. லைசென்ஸோடு வடிகால் வரைபடங்களில் சீல் குத்துபவர் ஒரே ஒருவர், அவரும் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். மேஜையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார்.

சரி, மற்ற இரண்டு பேருக்கு எங்கே போவது? என் கணக்குகளைச் சரிபார்த்த நகராட்சிப் பொறியாளரைக் கேட்கலாமா? எங்கள் ஆபீஸ் பி.இ. ஓய்வு பெறும் முன்பே இதுவரையிலான அனுபவத்தைக் கையெழுத்து வாங்கிப் பதிவுசெய்துவிடுவது நல்லதா? சிறிய ஊரில் இருந்தபடியே இதை முடித்த அண்ணன்கள், அக்காக்கள் யாராவது இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.