சான்று சார்ந்த செவிலியம்: வகுப்பு எடுத்தும் வார்டில் மாற்றம் இல்லை, எங்கே இடிக்கிறது?

கேள்வி – பயிற்சிப் பிரிவு

ஸ்டாஃப் நர்ஸ்களுக்குச் சான்று சார்ந்த செவிலியம் (பழக்கத்தை விட்டு ஆராய்ச்சிச் சான்றின்படி பராமரிப்பது) பற்றி வகுப்பு நடத்தி, முன்னும் பின்னும் அதை அளக்கும் அப்டன் சுயமதிப்பீட்டு வினாத்தாளைக் கொடுத்தோம் (24 கேள்விகள்: செயல்பாடு 6, மனப்பான்மை 4, அறிவும் திறனும் 14). மனப்பான்மையில் மதிப்பெண் அள்ளுகிறது. செயல்பாடு இருந்த இடத்திலேயே நிற்கிறது. ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக இரைப்பைக்கு உணவு செலுத்தும் குழாய்) போட்டதும், அது இரைப்பையில்தான் இருக்கிறதா என்று இன்னமும் காற்றடித்து ஸ்டெத் வைத்துத்தான் கேட்கிறார்கள். வகுப்பைக் கூட்டுவதா? திறனை உண்மையில் எப்படி அளப்பது?

ஐசியூ கமலி

அந்த வினாத்தாளில் தெரிவது அவரவர் தம்மைப் பற்றி நினைப்பதுதான் மேடம். ஆராய்ச்சி தேவையா என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்?

ரைல்ஸ் ட்யூபையே தேர்வாக வையுங்கள். முனை நுரையீரலில் இருந்தாலும் காற்றுச் சத்தம் மேல்வயிற்றில் கேட்கும். அதனால்தான் இங்கிலாந்தின் நோயாளர் பாதுகாப்பு முகமை 2005-லேயே அந்த முறையைக் கைவிடச் சொன்னது. ட்யூப் வழியே உறிஞ்சிய திரவத்தின் பிஹெச் (அமிலத்தன்மை அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஃபீட் (ட்யூப் வழி உணவு) தொடங்கலாம், இல்லையென்றால் எக்ஸ்ரே. இவ்வளவையும் யார் வேண்டுமானாலும் ஒப்பிப்பார்கள்.

திரவமே வரவில்லை என்றால் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நோயாளியை இடது பக்கம் திருப்பி, 10–20 மி.லி. காற்று செலுத்தி (சத்தம் கேட்க அல்ல, இரைப்பைச் சுவரில் ஒட்டிய முனையை விடுவிக்க), 15–30 நிமிடம் பொறுத்து மறுபடி உறிஞ்சுகிறாரா? பேண்டோபிரசோல் (இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மருந்து) போகும் நோயாளிக்கு பிஹெச் 6 வந்தால் உடனே ட்யூபைப் பிடுங்குகிறாரா, மருந்தாலும் ஏறியிருக்கலாம் என்று எக்ஸ்ரே கேட்கிறாரா? ஃபீட் முடிந்த கையோடு பிஹெச் பார்க்கிறாரா, ஒரு மணி நேரம் விட்டுப் பார்க்கிறாரா?

அதற்கும் முன்னால், ஸ்டோரில் பிஹெச் ஸ்ட்ரிப் இருக்கிறதா? லிட்மஸ் தாள் உதவாது. அமிலம் என்று காட்டும், எவ்வளவு என்று காட்டாது.

தொற்றுக் கட்டுப்பாடு

கமலி சிஸ்டர் கடைசியில் சொன்னது சரி, பொருள் இல்லாமல் எதுவும் நடக்காது. அடுத்தது அதிகாரம். “தெரியாது” என்பதைவிட “மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை” என்பதுதான் நம் வார்டுகளில் பெரிய தடை.

வென்ஃப்ளானை (கைச் சிரையில் மருந்து ஏற்றப் போடும் கேனுலா) எடுத்துக்கொள்ளுங்கள். 72 மணி நேரமானால் மாற்று என்பது பல இடங்களில் புரோட்டோகால். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3 மருத்துவமனைகளில் 3,283 பேரிடம் நடந்த ஆய்வில் (லான்செட், 2012) நேரக்கணக்கில் மாற்றியவர்களுக்கும் தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களுக்கும் சிரை அழற்சி ஒரே அளவு, 7%. இதைப் படித்த நர்ஸ் வாய் திறந்தால் “டாக்டர் ஆர்டர் இருக்கா?” என்பார் இன்சார்ஜ். அத்தோடு முடிந்தது.

ஆனால் அந்த ஒரு ஆய்வைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதும் திறன் ஆகாது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2018-ல் தேவைப்பட்டால் மாற்றும் முறைக்குப் போய், ரத்த ஓட்டத் தொற்று கூடியதால் 2019-ல் பழைய முறைக்கே திரும்பின. முன்னது குலுக்கல் முறை ஆய்வு (யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வது), அதனால் நம்பகம் அதிகம். ஆனால் வென்ஃப்ளானால் வரும் ரத்தத் தொற்று அரிது, மூவாயிரம் பேரில் வித்தியாசம் பிடிபடாது. பின்னது வெறும் முன்–பின் ஒப்பீடு. ஆனால் லட்சக்கணக்கான கேனுலாக்கள். ஷிப்டுக்கு ஒருமுறையாவது ஊசி இடத்தைப் பார்த்துச் சிவப்பு, வலி, வீக்கம் எழுத ஆளில்லாத வார்டில் நேரக்கணக்கை விடக்கூடாது என்று இரண்டையும் வைத்துச் சொல்பவரைத்தான் நான் தேறியவர் என்பேன்.

பயிற்சிப் பிரிவு

அப்படியானால் எம்.எஸ்சி. முடித்தவர்களை வைத்துத் தொடங்கினால் போதுமா?

ஐசியூ கமலி

படிப்பு உதவும், போதாது. அமெரிக்காவில் 2,344 நர்ஸ்களிடம் மெல்னிக் என்ற ஆய்வாளரின் குழு எடுத்த கணக்கெடுப்பில் (2018) சான்று சார்ந்த செவிலியத்தின் 24 திறன்களில் ஒன்றில்கூடச் சராசரி தேர்ச்சியைத் தொடவில்லை. அதுவும் சுயமதிப்பீடுதான், நேரில் பார்த்திருந்தால் இன்னும் இறங்கியிருக்கும்! மேல்படிப்போடு, கூடவே நின்று காட்டிக்கொடுக்கும் வழிகாட்டி இருப்பதற்கும் அதில் நல்ல தொடர்பு தெரிந்தது. எம்.எஸ்சி. நர்ஸை அலுவலக அறையில் உட்கார வைத்தால் பயனில்லை, வார்டில் நிறுத்துங்கள்.

ஒரே வார்டில், ரைல்ஸ் ட்யூப் சோதனை என்ற ஒரே கேள்வியோடு தொடங்குங்கள். முதலில் மருத்துவரும் கண்காணிப்பாளரும் கையெழுத்திட்ட புது புரோட்டோகால், அடுத்து பிஹெச் ஸ்ட்ரிப், அதற்குப் பிறகுதான் வகுப்பு. பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்துதான் கோட்டை விடுகிறோம். மதிய ஹேண்ட்ஓவரில் இரண்டு ஷிப்டும் சேரும்போது 15 நிமிடம் போதும்; ஆங்கிலக் கட்டுரை முழுவதையும் கையில் திணிக்காமல் ஒரு பக்கச் சுருக்கமாகக் கொடுங்கள். தொடங்கும் முன்பே வாரம் 10 கேஸ் ஷீட் எடுத்து, பிஹெச் எழுதியிருக்கிறதா என்று எண்ணி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கணக்கு. இரவு ஷிப்டைத் தனியாக எண்ணுங்கள், பழைய பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.